சத்தம் மாறினால் பேரிங்கைப் பாருங்கள்



பலகையில் மயிலும் பூக்கொடியும் வீட்டுப் பெயரும் வளைவு வளைவாக அறுத்தெடுப்பதற்கென்றே ஒரு சின்ன மின் ரம்பம் இருக்கிறது. கடைகளில் ஸ்க்ரோல் சா என்று கேட்டால் காட்டுவார்கள். மேசைமேல் வைத்து வேலை செய்யும் இயந்திரம். ஐந்து அங்குல நீளமும் ஓரிரு மில்லிமீட்டர் அகலமும் உள்ள பிளேடு செங்குத்தாக மேலும் கீழும் ஓடும். பலகையை இரண்டு கையாலும் பிடித்து, வரைந்த கோட்டின் மேலேயே திருப்பித் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாகக் கையால் அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித்தரும் விளையாட்டுப் பொருளாக விற்றார். அவர் கையால் அறுத்த அந்த மாதிரி வேலையை இன்று இந்த ரம்பத்தின் மோட்டார் செய்துவிடுகிறது.

அந்த மோட்டாரில் இருக்கும் இரண்டு பேரிங்குகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவை தேய்ந்துபோனால், மோட்டாரே போய்விட்டது என்று நினைத்து இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. நன்றாக இருக்கும் காயிலை ரீவைண்டிங்குக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லாத செலவு. பேரிங் என்பது தேய்வதற்கென்றே வைத்த பொருள். ஷாஃப்ட் தேயாமல் இருக்க அது தேய்கிறது. அதைக் கழற்றி மாற்றலாம் என்று தெரிந்துகொண்டால் ஒரு நல்ல இயந்திரம் பிழைக்கும்.

பேரிங்கின் உள்ளே என்ன இருக்கிறது? உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று, நடுவில் ஏழெட்டு எஃகுக் குண்டுகள், அவற்றை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் ஒரு கூடு. உள்வளையத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, கிடைக்கிற இடைவெளியில் குண்டுகளை இறக்கி, வளையத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் கூட்டை மாட்டுவார்கள். ராபர்ட் கான்ராட் என்பவர் காப்புரிமை பெற்ற முறை இது. குண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். ஒன்று பெரிதாக இருந்தாலும் சுமை முழுவதும் அதன் தலையில் விழும். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரிட்ரிக் ஃபிஷர், குண்டுகளை அரைத்து ஒரே அளவாக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதன் பிறகுதான் இவ்வளவு துல்லியமான குண்டுகள் ஏராளமாகச் செய்ய வழி பிறந்தது.

மின்விசிறியிலும் இதே பேரிங்தான் இருக்கிறது. ஆனால் ரம்பத்தில் அது படும் பாடு வேறு. விசிறி ஒரே சீராகச் சுற்றும். ரம்பத்தின் மோட்டாரோ தன் சுழற்சியை ஒரு கிராங்க் வழியாக மேல்கீழ் ஓட்டமாக மாற்றித்தர வேண்டும். பிளேடு நிமிடத்துக்கு 1,500 முறை ஏறி இறங்குகிறது என்றால், நிமிடத்துக்கு 3,000 முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு திசைமாற்றத்தின் அதிர்வும் கிராங்குக்கு அருகில் உள்ள முன்பக்கப் பேரிங்கில்தான் முதலில் இறங்கும். போதாததற்கு மாவாகப் பறக்கும் மரத்தூள். அது பேரிங் மூடியின் இடுக்கில் நுழைந்து கிரீஸோடு கலந்தால் கிரீஸ் இறுகிவிடும். குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் நிற்காது.

பேரிங்கின் ஆயுளுக்கு ஒரு கணக்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த லண்ட்பெர்க், பாம்கிரென் என்ற இருவர் 1947-இல் வெளியிட்டது. குண்டு பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். மழுங்கிய பிளேடை மாற்றாமல் அழுத்தி அழுத்தி அறுப்பது, எல்லா வேலைக்கும் உச்ச வேகத்திலேயே ஓட்டுவது, இயந்திரத்தை மேசையோடு போல்ட் போட்டு இறுக்காமல் ஆடவிடுவது, இவை எல்லாம் பேரிங்கின் ஆயுளைத்தான் குறைக்கின்றன.

சரி, பேரிங் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? காதுதான் முதல் கருவி. தட் தட் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தட்டல் கேட்டால், பெரும்பாலும் பிளேடைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது பிளேடைத் தாங்கும் ரம்பத்தின் கைகள் ஆடும் மூட்டுகளில் புஷ் தேய்ந்திருக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட ஏறிக்கொண்டே போகும் தொடர்ச்சியான உறுமல் என்றால் சந்தேகம் மோட்டார் பேரிங் மேல். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரையும் ரம்பத்தின் கையையும் இணைக்கும் கோலைக் கழற்றிவிடுங்கள். பிறகு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். உறுமல் போய்விட்டால் கோளாறு மூட்டுகளில். உறுமல் அப்படியே இருந்தால் மோட்டாரில். சுவிட்சை அணைத்ததும் மோட்டார் மெல்ல மெல்ல வேகம் இழந்து நிற்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் பேரிங் இறுகிவிட்டது என்று பொருள். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஷாஃப்டை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளே மணல் அரைபடுவதாகத் தெரிந்தாலோ, ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினாலோ, இனி சந்தேகம் வேண்டாம்.

இந்த இடத்தில் பலரும் ஒரு எண்ணெய் ஸ்பிரேயை எடுத்து அடிப்பார்கள். சத்தம் உடனே அடங்கும். துருவை இளக்கும் அந்த எண்ணெய், உள்ளே மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். சில நாளில் சத்தம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். மூடி போட்ட பேரிங்குக்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். மாற்றுவதுதான் மருந்து.

கழற்றும்போது அவசரம் கூடாது. கண்டன்சரோ வேகத்தை மாற்றும் சர்க்யூட் போர்டோ உள்ள இயந்திரமாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து அதை இறக்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். ஒயர்கள் இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் உடம்பும் கவரும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு கிழித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில் முதலில் இரண்டு கார்பனையும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்மேச்சரை இழுக்கும்போது அவை உடையும். பேரிங்குக்கும் கவருக்கும் நடுவில் அலை அலையாக வளைந்த மெல்லிய வாஷர் ஒன்று பல மோட்டார்களில் இருக்கும். அது தரையில் விழுந்து காணாமல் போனால் புதுப் பேரிங் போட்டும் மோட்டார் சத்தம் போடும்.

பேரிங்கை ஷாஃப்டிலிருந்து எடுக்கப் புல்லர் வேண்டும். அதன் கால்கள் உள்வளையத்தின் பின்னால் பிடிக்கும்படி வைத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் பேரிங் நழுவி வரும். எடுத்த பேரிங்கைத் தூக்கி எறியாதீர்கள். மூடியை ஒரு சின்ன ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்து பாருங்கள். கிரீஸ் கறுத்துக் கட்டியாகக் கிடக்கும். அதை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்திருக்க வேண்டிய குண்டுப்பாதையில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் ஓடும். அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோல் உரிந்த பள்ளங்கள். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறிய சத்தம்தான் நீங்கள் கேட்ட உறுமல்.

புதிதாக வாங்க அந்தப் பழைய பேரிங்கில் உள்ள எண்ணே போதும். உலகம் முழுவதும் ஒரே அளவு முறைதான். 6201 என்றால் துளை 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 32, அகலம் 10. 6202 என்றால் 15, 35, 11. நம் வீட்டு மின்விசிறிகள் பலவற்றிலும் இருப்பவை இந்த இரண்டும்தான். அதனால் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். எண் அழிந்திருந்தால் வெர்னியரை வைத்து இந்த மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்று இருந்தால் இரும்பு மூடி, 2 ஆர்எஸ் என்று இருந்தால் ரப்பர் மூடி. மரத்தூள் பறக்கும் இடத்துக்கு ரப்பர் மூடிதான் நல்லது. போலிப் பேரிங்குகள் சந்தையில் உண்டு. தெரிந்த கடையில், பில் போட்டு வாங்குங்கள். ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மோட்டாரைத் திறக்கும் உழைப்புதான் பெரிது, இரண்டாவது பேரிங்கின் விலை சிறிது.

இனி மாட்டும் வேலை. நேயர்களே, இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது அடி உள்வளையத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். உள்வளையம்தான் ஷாஃப்டில் இறுக்கமாக உட்காருவது. வெளிவளையத்தின் மேல் சுத்தியலால் அடித்தால், அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகும். குண்டு ஒவ்வொன்றும் பாதையில் ஒரு சின்ன வடுவை உண்டாக்கிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் புதுப் பேரிங் முதல் நாளே முனகத் தொடங்கும், கடைக்காரர் மேல் பழி போகும். ஷாஃப்டை எமரித் தாளால் லேசாகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, உள்வளையத்தின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு குழாய்த் துண்டை மேலே வைத்து, சமமாகத் தட்டி இறக்குங்கள்.

அடியே வேண்டாம் என்றால் சூட்டின் உதவியை நாடலாம். பேரிங்கை 50 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் 12 மில்லிமீட்டர் துளை ஏறத்தாழ 7 மைக்ரான் விரியும். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சின்ன மோட்டாரில் இறுக்கமும் சில மைக்ரான்தான் என்பதால், அந்த விரிவே பேரிங் எளிதாக இறங்கப் போதும். ரப்பர் மூடி உள்ள பேரிங்கை 80 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், நெருப்பில் காட்டவே காட்டாதீர்கள்.

கவரைப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒவ்வொரு முடுக்குக்கும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் கவர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. தளர்த்தி, லேசாகத் தட்டி, மறுபடி முடுக்க வேண்டும். மோட்டாரைத் தனியாகச் சில நிமிடம் ஓட்டி, சத்தமும் சூடும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ரம்பத்தின் கையை இணையுங்கள்.

இதை ஒரு சின்ன ரம்பத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மின்விசிறி, தண்ணீர் மோட்டார், தையல் பட்டறை இயந்திரம் என்று நம்மைச் சுற்றிச் சுழல்பவற்றில் பலவும் இதே குண்டுகளின் மேல்தான் நிற்கின்றன. சத்தம் மாறிய அன்றே கவனித்தால் செலவு பேரிங்கோடு போகும். பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டால் ஷாஃப்ட் தேயும், ஆர்மேச்சர் உரசும், காயில் எரியும். ஆகவே, அடுத்த முறை ஒரு மோட்டாரைத் திறந்தால், பேரிங் எண்ணையும் மாற்றிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி இயந்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உங்களுக்குப் பிறகு அதைத் திறக்கப்போகிறவருக்குப் பாதி வேலை குறையும்.