பேசும் பொம்மை

பொத்தானை அமுக்கினால் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று பாடும் கையடக்கப் பொம்மையை வாங்கும் பெற்றோர், பிள்ளை சீக்கிரம் பேசும், படிக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் குழந்தைகளே தீக்குச்சி அடுக்கிய சிவகாசி வட்டாரம் இது. அதனால்தான், பட்டாசு ஆலைக் கூலியில் மிச்சம்பிடித்துப் பொம்மை வாங்கும் பெற்றோரின் அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் காசு வேண்டிய பலனைத் தராது என்றே தோன்றுகிறது. அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 குடும்பங்களின் பேச்சைப் பதிவுசெய்து கேட்டார்கள். மின்னணுப் பொம்மை பேசியபோது பெற்றோர் பேச்சு குறைந்தது. புத்தகம் கையில் இருந்தபோது கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் காரணம் விளங்குகிறது: குழந்தை ஏதோ மழலையில் சொன்னால், பொம்மை அதைக் கேட்டுப் பதில் சொல்லாது.

'விடிந்தால் ஆலை, பொழுது சாய்ந்தால் அடுப்படி. பேச நேரம் ஏது?' என்பீர்கள். நியாயம்தான். அதற்காகத் தனியாக உட்கார வேண்டியதில்லை. காலண்டருக்குப் பேர்போன ஊர் சிவகாசி. காலையில் தினசரித் தாளைக் கிழிக்கும்போது, கொட்டை எழுத்தில் இருக்கும் தேதியைக் காட்டுங்கள். ஞாயிறு மட்டும் ஏன் சிவப்பு என்று பிள்ளை கேட்கும், பதில் சொல்லுங்கள். பொம்மை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? மடியில் வைத்து, கூடவே பேசி விளையாடுங்கள். பேட்டரி மூடியின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.