கிறிஸ்துமஸ் அலங்காரம் நம் கைவண்ணமாகட்டும்



கிறிஸ்துமஸ் பெருநாள் நெருங்கும்போது தோட்டங்களில் வாழும் கிறிஸ்துவக் குடும்பங்கள் தலைநகருக்குப் பேருந்து ஏறி, மஸ்ஜித் இந்தியாவில் துணிமணி வாங்கி வருவது நெடுநாளைய வழக்கம். 1863ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய முஸ்லிம் பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் அச்சாலையில் சேலைக் கடைகளும் பூக்கடைகளும் நிறைந்திருப்பதை நாம் அறிவோம். வீடு திரும்பும்போது பையில் மேலும் சில பொருள்கள் சேர்ந்துவிடுகின்றன. ஜிகினாச் சரம், பிளாஸ்டிக் பூங்கொத்து, மின்னும் தூள் ஒட்டிய நட்சத்திரம் ஆகியவையே அவை. அவற்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

பெருநாள் கழிந்து, மூன்று இராசாக்கள் திருநாளும் முடிந்தபின் இப்பொருள்கள் எங்கே போகின்றன? பெரும்பாலும் லயத்தின் பின்புறம் குப்பையோடு கொளுத்தப்படுகின்றன. ஜிகினாச் சரங்களில் பல, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சு ஏற்றிச் செய்யப்பட்டவை. அந்த பிளாஸ்டிக் எரியும்போது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் அமிலப் புகையும், டயாக்சின் என்னும் நஞ்சும் வெளிப்படுகின்றன. அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் முற்றத்தில் விளையாடும் நம் குழந்தைகளே.

கொளுத்தாமல் சாக்கடையில் எறிந்தாலும் தொல்லை தீர்வதில்லை. மஸ்ஜித் இந்தியாவுக்கு அருகிலேயே கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றுடன் கலக்கிறது. அங்கே நீரில் விழும் குப்பை, கிள்ளான் பட்டணத்தைக் கடந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. ஆற்றில் மிதந்து வரும் குப்பையைக் கடலுக்குப் போகுமுன் அள்ளுவதற்கென்றே 2019ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றில் ஒரு கலம் நிறுத்தப்பட்டது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கான திட்டத்தை நம் நாடு 2018இல் வெளியிட்டது. மின்னும் பிளாஸ்டிக் தூளைத் தனியே விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை செய்தது. உலகம் எத்திசையில் செல்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

அலங்காரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெருநாளுக்கு வீடு பொலிவுடன் விளங்கத்தான் வேண்டும். ஆனால் அப்பொலிவைக் கடையில்தான் பெற வேண்டுமா? 1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த பிறப்புக் காட்சியில் இருந்தவை தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள எருதும் கழுதையுமே. இன்று உலகெங்கும் அமைக்கப்படும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு அது முன்மாதிரியாயிற்று. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரைப் போற்ற எளிய பொருளே ஏற்றது என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

கையால் அலங்கரிக்கும் கலை நமக்குப் புதிதன்று. தென்னங்குருத்தோலையைக் கிழித்து மடித்துத் தோரணம் கட்டுவதில் நம் பெரியவர்கள் வல்லவர்கள். கோயில் திருவிழாவிலும் திருமணப் பந்தலிலும் தொங்குவது அந்த ஓலைதான். நோன்புப் பெருநாளுக்கு மலாய் சகோதரர்கள் கெத்துப்பாட் கூடு பின்னுவதும் அந்த ஓலையில்தான். ஈஸ்டருக்கு முந்திய ஞாயிற்றுக்குத் தமிழ்க் கிறிஸ்துவர்கள் இட்ட பெயரே குருத்தோலை ஞாயிறு. மூன்று சமயத்தாரையும் இணைக்கும் அந்த ஓலை கிறிஸ்துமஸ் வாசலிலும் ஏன் தொங்கக் கூடாது? ஓலையில் கிளியும் குருவியும் மடிக்கத் தெரிந்தவர் சிலுவையும் நட்சத்திரமும் மடிப்பது அரிதன்று. ஓலையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, பெருநாளுக்கு முந்திய நாளில் கட்டினால் பசுமை மாறாது. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்டாதீர்கள். உள் மொட்டில் கத்தி பட்டால் மரமே பட்டுப்போகும்.

அடுத்து, நமக்குச் சோறு போடும் பால்மரத்தைப் பார்ப்போம். ரப்பர் இலையின் சதையை நீக்கிவிட்டால் மெல்லிய வலைத்துணி போன்ற நரம்பு மட்டும் நிற்கும். முற்றிய இலைகளை வாளி நீரில் மூழ்க வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றுங்கள். மூன்று நான்கு வாரங்களில் சதை அழுகிவிடும். பின்னர்ப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவி, செய்தித்தாள் நடுவில் வைத்து உலர்த்துங்கள். மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்தால் பொன்னிறமும், சங்குப்பூ ஊறிய நீரில் தோய்த்தால் நீல நிறமும் கிடைக்கும். ஐந்தாறு இலைகளைக் கம்பியில் கட்டினால் ஒரு மலர் ஆயிற்று. ஆதலால் நவம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. திறந்து கிடக்கும் வாளி ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். வாளியை இறுக மூடி வையுங்கள். கொசு பெருக இடங்கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

ரப்பர்க் காய் வெடித்துச் சிதறும்போது விழும் ஓடுகளும் புள்ளி போட்ட கொட்டைகளும் குடிலுக்கு உதவும். ஓடுகளால் கூரை வேயலாம். கொட்டைகளைக் கோத்துச் சரமாக்கலாம். ஆனால் பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு. சிறு பிள்ளைகள் வாயில் வைக்காதபடி கண்காணியுங்கள். குடிலைச் சுற்றிப் புல் வேண்டுமானால், பத்து நாள்களுக்கு முன் ஒரு தட்டில் ஈரத்துணி விரித்துக் கேழ்வரகைத் தூவி முளைக்க வையுங்கள்.

இனி நட்சத்திரம். இரண்டடி நீள மூங்கில் சிம்புகள் பத்து வேண்டும். ஐந்தைக் கொண்டு ஒரு நட்சத்திரமும் மற்ற ஐந்தைக் கொண்டு இன்னொன்றும் கட்டுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நான்கங்குலக் குச்சிகளைச் செருகினால் நட்சத்திரம் உப்பி நிற்கும். மரவள்ளி மாவுப் பசையால் பட்டம் செய்யும் காகிதத்தை ஒட்டுங்கள். உள்ளே சூடேறாத சிறிய எல்.இ.டி. விளக்கைப் பொருத்துங்கள். மெழுகுவர்த்தி கூடவே கூடாது. பிலிப்பைன்ஸ் நாட்டு மக்களும் கிறிஸ்துமஸ் காலத்தில் மூங்கிலாலும் காகிதத்தாலும் பரோல் என்னும் இத்தகைய விளக்கைச் செய்து தொங்கவிடுகிறார்கள்.

விடியுமுன் எழுந்து பால் வெட்டிக் களைத்து வருபவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். தோரணம் கட்டத் தெரிந்த பாட்டியும் மூங்கில் பிளக்கத் தெரிந்த தாத்தாவும் அருகிருந்து சொல்லிக் கொடுத்தால் போதும். அந்தக் கைத்திறன் கற்பாரின்றி அவர்களோடு மறைந்துவிட்டால், எந்தக் கடையிலும் அதை நாம் விலைக்கு வாங்க இயலாது. ஜிகினாவில் மிச்சமாகும் பணத்தைக் காட்டிலும் இதுவே பெரிய ஆதாயம்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் அலங்காரத்தை எறிந்துவிடாதீர்கள். பெட்டியில் பத்திரப்படுத்தி, அது உழைக்கும் வரை பயன்படுத்துங்கள். புதிதாக வாங்காதிருப்பதே நாம் வேண்டுவது. மஸ்ஜித் இந்தியாவுக்கும் தாராளமாகச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சட்டை எடுங்கள். கையால் பூத்தொடுத்து விற்பவரிடம் ஒரு முழம் மல்லிகை வாங்குங்கள். அந்தப் பணம் ஓர் உழைப்பாளியின் வீட்டுக்குப் போய்ச் சேரும். பூவும் வாடியபின் மண்ணோடு மண்ணாகும்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாண்டு ஒவ்வொரு லயத்திலும் ஒரு நட்சத்திரமாவது பிள்ளைகளின் கையால் உருவாகட்டும். அதைக் கட்டும் முற்றத்தில் அண்டை வீட்டு இந்துப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் கூடி அமரட்டும். கிறிஸ்துவ அன்பர்கள் அனைவருக்கும் நம் பெருநாள் வாழ்த்து உரித்தாகுக.