பிள்ளையவர்கள் கேட்ட பாட்டு

(பெரியபாளையத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கட்டுரை நோட்டில் பிள்ளைகள் பேச்சுத் தமிழில் எழுதினால் என்ன செய்வது என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் இந்தச் சிக்கல் வந்தது.

நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்தவர். தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, ஊர் ஊராகக் கதை சொல்லிப் பாடியவர். அவருடைய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் ஒரு வேதியர் வருகிறாரே, நிலக்காரர், அவர் பெரியபுராணத்தில் இல்லை. பாரதியார் படைத்தவர். சிதம்பரம் போக அனுமதி கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் பயிர் விளைந்துவிடுகிறது. அந்த அற்புதத்தைவிட, ஒரு மனிதன் ஒருநாள் வெளியூர் போக இப்படிக் கெஞ்ச வேண்டியிருந்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிவிட்டு ஊர் திரும்ப முடியாமல் இருந்த குடும்பங்களை அதற்குப் பிறகும் மீட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நந்தன் கதை அவர்களுக்குப் பழங்கதை இல்லை.

நூலை அச்சிடுமுன் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டார். பிள்ளையவர்களுக்கு இலக்கணப் பிழைகள் உறுத்தின. முகத்துக்கு நேரே மறுக்காமல் நாள் கடத்தினார். பாரதியாரும் விடாமல் நடந்தார். ஒருநாள் பிற்பகல் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைத் தமக்குள் பாடத் தொடங்கினார். கேட்கக் கேட்கப் பிள்ளையவர்கள் உருகிப்போனார். எழுந்துவந்து பாயிரம் தந்தார். அதுவரை ஏட்டில் மட்டும் பார்த்ததை அன்றுதான் காதால் கேட்டார்.

நூலை அச்சேற்ற உதவியவர் காரைக்காலில் இருந்த சீசையா என்ற பிரெஞ்சு அதிகாரி. நம் பண்டிதர் தயங்கிய பாட்டுக்கு அயல்நாட்டார் ஒருவர் உதவிய வேடிக்கையையும் பாருங்கள்!

இவ்வளவும் நமக்குத் தெரிவது உ.வே.சாமிநாதையரால். அவர் மாயவரத்தில் பாரதியாரிடம் இசை கற்றார். பாட்டில் மனம் போனால் படிப்புக் கெடும் என்று பிள்ளையவர்கள் கருதியதால் நிறுத்திக்கொண்டார். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பாரதியாரின் வாழ்க்கையைத் தனி நூலாக எழுதியவர் அந்த மாணவர்தான்.