திரையில் துப்பாக்கி, தோட்டத்தில் சட்டம்

படத்தில் கதாநாயகன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுகிறான். லைசென்ஸ் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள்.

நாட்டு நடப்பு வேறு. நம் ஜொகூர்த் தோட்டங்களில் செம்பனைக் கன்றுகளைத் தோண்டும் காட்டுப்பன்றியைச் சுடும் துப்பாக்கிக்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அதற்கென லைசென்சோ பெர்மிட்டோ பெற்றவர்தான் அதை ஏந்தலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே, சுடாவிட்டாலும், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறை. ஆறுக்குக் குறையாத பிரம்படி.

என் மாணவன் ஒருவன், காட்டோரம் கிடந்த தோட்டாவைப் புத்தகப் பையில் கொண்டுவந்தான். "படத்தில் பார்த்ததுதானே, சார்!" என்றான். அன்று என் நெஞ்சு பதறியது.

பெற்றோர்களே, இன்றிரவே சொல்லி வையுங்கள்: அப்படி எதைக் கண்டாலும் தொடக்கூடாது, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் போலீசுக்குத் தெரிவியுங்கள்.