ஹீட்டர் சூடாகாவிட்டால்

தோட்டத்தில் வெந்நீர் என்றால் முன்பெல்லாம் கொல்லைப்புறத்து மூன்று கல் அடுப்பும், ரப்பர் விறகும், கரி பிடித்த அண்டாவும்தான். பிள்ளை பெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும் அந்த அண்டாவில்தான் தண்ணீர் காயும். இன்று தோட்ட வீடுகள் பலவற்றிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் வீடுகளிலும் குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. ஹீட்டர் என்கிறோம். ஒரு நாள் அதில் வெந்நீர் வராமல் போனால் என்ன செய்வது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

விறகடுப்பு அணைந்தால் ஊதிப் பார்க்கலாம், குச்சியால் கிளறலாம். இந்தப் பெட்டியைக் கிளறக்கூடாது. அதற்குள் தண்ணீரும் மின்சாரமும் மிக நெருக்கத்தில் இருக்கின்றன. ஆகவே முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்வோம். பெட்டியின் மூடிக்கு வெளியே இருப்பதை நீங்கள் பார்க்கலாம். மூடியைத் திறப்பது வயர்மேன் வேலை. பயப்பட வேண்டாம், மூடிக்கு வெளியிலேயே பல கோளாறுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

குளியலறைக்கு வெளியே ஹீட்டருக்கென்று தனி சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைத் தட்டியதும் அதிலுள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பெரும்பாலும் மின்சாரம் அதுவரை வருகிறது என்று பொருள். அப்படியானால் தண்ணீரின் பக்கம் திரும்புங்கள்.

வீடுகளில் அதிகம் காணும் உடனடி ஹீட்டர்கள், தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் சூடேறத் தொடங்கும். தண்ணீர் இல்லாமல் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காய்ந்து கருகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தைக் குளிக்கும் குழாயின் கீழ் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். நிறைவதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் தண்ணீரின் வேகம் போதாது என்று சந்தேகப்படலாம். மலையடிவார ஓடையிலிருந்தோ தொட்டியிலிருந்தோ தண்ணீர் வரும் வீடுகளில் மணலும் சேறும் சல்லடையை அடைத்திருக்கும். ஹீட்டர் சுவிட்சை அணைத்து, மின்பெட்டியில் ஹீட்டருக்குரிய நெம்பையும் கீழே இறக்கிவிட்டுப் பூவாளியைக் கழற்றிக் கழுவுங்கள். பல ஹீட்டர்களில் தண்ணீர் உள்ளே நுழையும் வாயிலிலும் சிறு வடிகட்டி உண்டு. தண்ணீரை அடைத்துவிட்டு அதையும் எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். ஈப்போவைப் போன்ற சுண்ணாம்புக் குன்றுப் பகுதிகளில் பூவாளியில் வெள்ளையாகப் படிவம் தட்டினால், இரவெல்லாம் சமையல் புளிக்காடியில் ஊறப்போட்டால் இளகிவிடும்.

சிலர் வேறொரு குறை சொல்வார்கள். “கிள்ளானில் தங்கச்சி வீட்டில் இதே ஹீட்டர் நன்றாகச் சுடுகிறது, கேமரன் மலையில் எங்கள் வீட்டில் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது, மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள்” என்பார்கள். கடைக்காரரைத் திட்டுமுன் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 3,600 வாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீரைச் சுமார் 13 பாகை செல்சியஸ்தான் உயர்த்த முடியும். சமவெளியில் 27 பாகையில் வரும் தண்ணீர் 40 ஆகும், இதமாக இருக்கும். மலையில் 20 பாகையில் வரும் தண்ணீர் 33 பாகையோடு நின்றுவிடும். குளிரத்தான் செய்யும். குழாயைக் கொஞ்சம் மூடி, நிமிடத்துக்கு 3 லிட்டராகக் குறைத்தால் 37 பாகைக்கு ஏறும். சாமானில் குற்றம் இல்லை. ஆனால் தண்ணீரைக் குறைக்கக் குறைக்கச் சூடு ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். குழந்தையை நிறுத்துமுன் உங்கள் முழங்கையில் பட்டுப் பாருங்கள்.

இனி மின்சாரத்தின் பக்கம் வருவோம். சுவிட்ச் விளக்கு எரியவில்லை என்றால் வீட்டு மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள நெம்புகளில் ஒன்று கீழே விழுந்திருக்கலாம். முதலில் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கை, கால் ஈரமில்லாமல், செருப்புப் போட்டுக்கொண்டு நெம்பை மேலே தள்ளுங்கள். நின்றுவிட்டால் ஹீட்டர் சுவிட்சைப் போடுங்கள். உடனே மறுபடி விழுகிறதா? குற்றவாளி ஹீட்டர் அல்லது அதற்குப் போகும் கம்பிதான். சுவிட்சை அணைத்து அப்படியே விடுங்கள். மற்ற விளக்குகளையும் குளிர்பெட்டியையும் வழக்கம்போல் பயன்படுத்தலாம். ஹீட்டர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே நெம்பு நிற்காவிட்டால் கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். எதுவானாலும் ஒரு முறைதான். திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்ப்பது நல்லதல்ல.

இங்கேதான் உயிர் போகும் தவறு நடக்கிறது. நெம்பு அடிக்கடி விழுகிறது, தொந்தரவு என்று அதைக் கயிற்றால் கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். கசிவைத் துண்டிக்கும் கருவியையே விலக்கிவிட்டு நேராகக் கம்பி இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால் யாரும் இதற்குத் துணிய மாட்டார்கள்.

காலையில் லாரியில் ஆட்களை ஏற்றி வேலைக்காட்டுக்கு அனுப்புகிறோம். திரும்பும்போது தலையை எண்ணுகிறோம். போனது நாற்பது, வந்தது முப்பத்தொன்பது என்றால், ஓர் ஆள் எங்கே என்று தேடாமல் லாரியை நகர்த்துவோமா? கசிவைத் துண்டிக்கும் கருவியும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. ஒரு கம்பியில் போன மின்சாரம் மறு கம்பியில் முழுதாகத் திரும்பியதா என்று பார்க்கிறது. குறைந்தால், குறைந்தது ஈரச்சுவர் வழியாகவோ ஒரு மனிதன் உடல் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். கண் இமைக்குமுன் துண்டித்துவிடும். ஹீட்டருக்கு ஓடுவது 15 ஆம்பியருக்குமேல். அதில் 10 மில்லி ஆம்பியர், அதாவது ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு வழிதவறினாலும் துண்டிக்கும் கருவி ஹீட்டருக்கு வேண்டும். தரை நனையக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கருவி வேண்டும் என்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள் சொல்கின்றன. வீடு முழுமைக்கும் இருக்கும் கருவி பெரும்பாலும் இதைவிடப் பெரிய அளவினது. அது ஒன்றே போதும் என்று இருந்துவிடாதீர்கள். மின்சார அளவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் மூச்சும் இதயமும் ஆபத்துக்குள்ளாகும். நனைந்த உடம்பு அதற்கு எளிதில் வழிவிடும்.

அந்தக் கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். நெம்பு ‘டக்’கென்று விழவேண்டும். விழாவிட்டால் ஹீட்டரில் எவ்வளவு சூடாகத் தண்ணீர் வந்தாலும் யாரும் அதில் குளிக்கக்கூடாது. சம்பள நாள் அன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

குழாயைத் தொடும்போது கையில் சுருக்கென்று எறும்பு கடித்தாற்போல் இருந்தால் அது அலட்சியப்படுத்தும் சங்கதி அல்ல. எர்த் கம்பி அறுந்தோ, பழைய வீடானால் இல்லாமலோ இருக்கலாம். பிள்ளைகள் சொன்னால் “உனக்கு எப்போதும் பயம்” என்று அதட்டாதீர்கள். உடனே நிறுத்தி, வயர்மேன் பார்க்கும்வரை குளியலறைக் குழாயைத் தொடவேண்டாம். ஒருவர் மின்சாரம் தாக்கி விழுந்து கிடந்தால், அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு 999ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், பயிற்சி உள்ளவர் நெஞ்சை அழுத்திவிடத் தொடங்கவேண்டும். இடி மின்னல் நேரத்தில் ஹீட்டரில் குளிப்பதையும் ஒத்திப்போடுங்கள். நம் நாட்டில் மாலைவேளையில் இடிக்குப் பஞ்சமில்லை.

வீடு தோட்டத்தினுடையது என்றால் அலுவலகத்தில் வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள், தேதியும் போடுங்கள். சொந்த வீடானால் மின்சார ஆணையத்தில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரையோ தகுதிச் சான்றுள்ள வயர்மேனையோ கூப்பிடுங்கள். தெரிந்த பையன், மலிவாகச் செய்வான் என்ற பேச்சு இதில் உதவாது. ஹீட்டரைச் சாதாரண மூன்று முள் பிளக்கில் சொருகிக் கொடுக்கிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பிளக் 13 ஆம்பியருக்குத்தான். புது ஹீட்டர் வாங்குவதானால் சிரிம் வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயர்மேன் வந்ததும், விளக்கு எரிந்ததா, நெம்பு எப்போது விழுந்தது, பாத்திரம் நிறைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவற்றைச் சொல்லுங்கள். அவருக்குப் பாதி நேரம் மிச்சமாகும். பல்லியோ எறும்போ உள்ளே புகுந்திருந்தாலும் அவரே பார்த்து எடுப்பார். வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன், அவர் கண்ணெதிரிலேயே அந்தச் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நெம்பு விழுந்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.