குட்டியின் கால் கோணினால் கைவிட வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு சேமிப்பு, கடன் பற்றி நான் பேசப் போவதில்லை. நாய்க்குட்டி பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க! உள்கடன் வாங்கி ஆடு வளர்க்கிற நம்ம உறுப்பினர்கள் வீட்டில், ராத்திரி பட்டிக்குக் காவல் யாரு? நாய்தானே. அதனால் இதுவும் நம்ம தொழில் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

நம்ம உறுப்பினர் ஒருவர் பட்டிக் காவலுக்கு சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். நாலு மாசத்தில் அதன் முன்னங்கால் பாதம் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. "இது ஊனக்குட்டி, ஊருக்கு வெளியே கொண்டு போய் விட்டுடு" என்று வீட்டில் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றச் சொன்னார். இந்த இரண்டு யோசனையுமே சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் குட்டியைச் சமமான தரையில் நிற்க வைத்து நேர் எதிரில் உட்கார்ந்து பாருங்க. மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளணும். ஒரு கால் மட்டும் திரும்பியிருக்கா, இரண்டுமா? வலி, வீக்கம், நொண்டல் இருக்கா? நாளுக்கு நாள் கூடுதா, குறையுதா?

இரண்டு பாதமும் லேசாக, ஒரே அளவில் திரும்பி, குட்டி வலியில்லாமல் ஓடியாடினால் பயப்பட வேண்டியதில்லை. நெஞ்சு ஒடுங்கிய குட்டிகள் சிலவற்றுக்கு இப்படி இருக்கும். நெஞ்சு அகன்று வளர வளர நேராகிவிடும். சில குட்டிகளுக்கு மணிக்கட்டு தளர்ந்து பாதம் தட்டையாக இருக்கும். இதுவும் நல்ல தீனியும் நல்ல தரையும் கிடைத்தால் பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். அதற்காகக் குச்சி வைத்துக் கட்டாதீங்க. கட்டினால் கால் இன்னும் பலவீனமாகும்.

ஆனால் ஒரு கால் மட்டும் திரும்பினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டணும். காரணத்தைச் சொல்கிறேன். நாயின் முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பு சேர்ந்து வளருது. எலும்பின் நுனிப் பக்கம்தான் வளர்கிற இடம். திண்ணையிலிருந்து விழுந்தோ, வண்டி இடித்தோ அந்த இடம் நசுங்கினால் ஒரு எலும்பு வளர்வது நின்றுவிடும். மற்றது வளர்ந்துகொண்டே போகும். அப்போது நாண் இழுத்த வில் மாதிரி கால் வளைந்து, பாதம் வெளியே திரும்பும். இதை எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். சிலதுக்கு ஆபரேஷன் தேவைப்படும். குட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போதே செய்தால்தான் முழுப் பலன். "பெரிசானா சரியாயிடும்" என்று காத்திருந்தால் காலம் போய்விடும்.

அடுத்தது தீனி. நாம் போடுவது வெறும் சோறும் ரசமும், இல்லையென்றால் கோழிக்கடைக் கறிக்கழிவு. இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே தினமும் போட்டால் எலும்பு மெலிந்து, உடம்பின் பாரம் தாங்காமல் கால் வளையும். மணிக்கட்டு முண்டு முண்டாகத் தடிக்கும். சோற்றோடு கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, கொஞ்சம் ஈரல், முள் எடுத்த மத்தி மீன் சேர்த்துக் கொடுங்க. வேகவைத்த எலும்பு வேண்டாம். அது உடைந்து குடலைக் குத்தும்.

ஒரு அக்கா கேட்டாங்க, "வெயிலில் விட்டால் எலும்பு பலமாகாதா?" என்று. நமக்கு அது சரி. ஆனால் நாயின் தோல் வெயிலிலிருந்து போதுமான வைட்டமின் டி தயாரிக்காது. அது தீனியிலிருந்துதான் கிடைக்கணும். முட்டை மஞ்சள் கரு, ஈரல், மீன் எல்லாம் அதற்காகத்தான்.

இன்னொருவர், "அப்போ கால்சியம் டானிக் ஊற்றினால் என்ன தப்பு?" என்று கேட்டார். சின்னக் குட்டியின் குடலுக்கு வேண்டாததைத் தள்ளத் தெரியாது. கொடுக்கக் கொடுக்க அதிகமாக இழுத்துக்கொள்ளும். கால்சியம் அதிகமானாலும் எலும்பு கோணும். முக்கியமாகப் பெரிசாக வளர்கிற சாதிக் குட்டிகளுக்கு இது ஆபத்து. கடையில் விற்கிற குட்டித் தீனியில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கு. அதனால் டானிக்கோ, முட்டை ஓட்டுத் தூளோ, மருத்துவர் அளவு சொன்ன பிறகுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடியதையும் சொல்கிறேன். வழுக்குகிற சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் குட்டியை விடாதீங்க. மண் தரை நல்லது. இல்லையென்றால் கோணிச் சாக்கு விரிங்க. நகம் நீண்டால் பாதம் திரும்பும், அளவாக வெட்டிவிடுங்க. குட்டை சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டாதீங்க. பிள்ளைகள் முன்னங்காலைப் பிடித்துத் தூக்குவதைத் தடுங்க. உயரத்திலிருந்து குதிக்க விடாதீங்க. குட்டி கொழுக்கவும் கூடாது. கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்படணும். வலிக்குது என்று நாம் போடுகிற வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அது நாய்க்கு விஷம்.

வாரம் ஒருமுறை குட்டியை எதிரில் நிற்க வைத்து செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்க. கூடுதா குறையுதா என்று மருத்துவர் பார்த்ததும் புரிந்துகொள்வார். நம்ம தீர்மான நோட்டு மாதிரி அதுவும் ஒரு பதிவுதான். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எக்ஸ்ரே இல்லையென்றால், எங்கே எடுக்கலாம் என்று அங்கேயே கேளுங்க. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு.

நான் சொன்ன உறுப்பினர் குட்டியை விடவில்லை. மருத்துவர் பார்த்து, தீனிக் குறைதான் என்றார். டானிக் வாங்க வைத்திருந்த காசு முட்டைக்கும் மீனுக்கும் போச்சு. இரண்டு மாசத்தில் பாதம் நிறையத் திரும்பி வந்தது. இன்னும் லேசான கோணல் இருக்கு. ஆனால் காவலுக்கு ஒரு குறையும் இல்லை.

தோழிகளே, ஊருக்கு வெளியே விட்ட குட்டி பசியில் அலையும். தடுப்பூசி போடாத அந்த நாய் நாளைக்கு நம்ம பிள்ளையையே கடிக்கலாம். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதனால் அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. யார் வீட்டில் குட்டி இருக்கு, மூன்று மாசத்தில் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி போட்டாச்சா, கால் எப்படி இருக்கு என்று கேட்டு எழுதுங்க. மருந்தகத்துக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்து போங்க.