வாயைத் திறந்து பார்ப்போம்: பரம்பரை அலகுகளும் வாய்ப் புற்றுநோயும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாங்கள் இருவரும் உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எங்களில் ஒருவர் பல் வைத்தியர். மற்றவர் ஆய்வுகூடத்தில் கலங்களோடு வேலை செய்பவர். ஒருவர் வாயைத் திறந்து பார்க்கிறார். மற்றவர் அந்த வாயிலிருந்து எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். அதனால் இந்த உரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம்.

நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சமைத்துத் தந்த ஆச்சி ஒருவர் இருந்தார். மடியில் எப்போதும் ஒரு சிறிய பை. அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. காலப்போக்கில் அவர் தான் வைத்த குழம்பையே உறைப்பென்று ஒதுக்கத் தொடங்கினார். வெறும் சோற்றுக்குத் தயிர் விட்டுச் சாப்பிட்டார். கொட்டாவி விடும்போது அவருடைய வாய் பாதிதான் திறந்தது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். சில ஆண்டுகளுக்குப் பின் வாய்ப் புற்றுநோயால் அவர் காலமானார் என்று கேள்விப்பட்டோம். உறைப்பு எரிவதும் வாய் முழுதாகத் திறக்க மறுப்பதும் என்ன அறிகுறிகள் என்பதை அதன் பிறகே படித்தோம். இன்று பேசப்போவது அந்த ஆச்சியின் வாய்க்குள் நடந்ததைப் பற்றித்தான்.

எங்கள் உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஏறத்தாழ 20,000 பரம்பரை அலகுகள் உண்டு. நாக்கின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் இருப்பவை அதே அலகுகள்தான். ஆனால் நாக்கு ஈரலாவதில்லை. எல்லா வகுப்பறையிலும் ஒரே அலுமாரி, ஒரே புத்தகங்கள் இருந்தாலும், ஒவ்வொரு வகுப்பும் தனக்குரிய புத்தகத்தை மட்டும் திறப்பதைப் போன்றது இது. எந்த அலகு திறக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு என்று தீர்மானிக்கும் ஒழுங்கையே பரம்பரை அலகுகளின் கட்டுப்பாடு என்கிறோம்.

அந்தக் கட்டுப்பாடு பல வழிகளில் நடக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறோம். முதலாவது, டி.என்.ஏ. எழுத்தொன்றின் மேல் மெதயில் என்ற சிறிய கூட்டம் ஒட்டிக்கொள்வது. ஓர் அலகின் தொடக்கப் பகுதியில் இவை நெருக்கமாக ஒட்டினால் அந்த அலகு வாசிக்கப்படாமல் போகிறது. இரண்டாவது, ஹிஸ்ரோன் என்னும் புரதங்களைச் சுற்றி டி.என்.ஏ. இறுக்கமாகவோ தளர்வாகவோ சுற்றப்படுவது. மூன்றாவது, மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் மிகச் சிறிய மூலக்கூறுகள், அலகிலிருந்து புறப்பட்ட செய்தியை இடையில் பிடித்து நிறுத்துவது.

தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் மேலணிக் கலங்களில் தொடங்குகின்றன. அக்கலங்களுக்கு இரு முக்கியக் காவலர்கள் உண்டு. பி53 என்பது டி.என்.ஏ. பழுதடைந்தால் கலத்தை நிறுத்தி, திருத்தச் செய்யும். திருத்த முடியாவிட்டால் அக்கலத்தை இறக்கச் செய்யும். பி16 என்பது கலம் பிரியப் புறப்படும்போது 'பொறு' என்று மறிக்கும். 279 தலை, கழுத்துக் கட்டிகளை விரிவாக ஆராய்ந்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வு, புகைத்தலோடு தொடர்புடைய கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பி53 அலகில் விகாரம் ஏற்பட்டிருப்பதைக் காட்டியது. பி16 அலகோ சிலரில் அழிந்துபோகிறது. வேறு சிலரில் எழுத்து ஒன்றுகூட மாறாமலே மெதயில் ஒட்டி வாய் மூடிவிடுகிறது. அதேவேளை, மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 என்பது வாய்ப் புற்றுக்கலங்களில் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, வளர்ச்சியைத் தடுக்கும் வேறு அலகுகளின் செய்திகளை அடக்குகிறது.

இதில் பாக்குக்கு என்ன பங்கு? பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள், வாய்ச் சவ்வின் கீழுள்ள கலங்களில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உருவாவதைத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள செம்பு, அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியத்தின் செயலைக் கூட்டுகிறது. மென்மையாக இருந்த கன்னத்தின் உட்புறம் நார்ப்பட்டைபோல் இறுகுகிறது. வாய் திறப்பது குறைகிறது, உறைப்பு எரிகிறது. ஆச்சிக்கு இருந்தது இதுவாகவே இருக்க வேண்டும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோய் வரக்கூடிய நிலை.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று சொல்லும் அம்மம்மாமார் பலரை நாங்கள் சந்திக்கிறோம். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985 இல் அறிவித்தது. 2004 இல் வெளியான அதன் அறிக்கை, புகையிலை சேராத கூட்டும், ஏன், பாக்கு மட்டுமே கூட, புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. எங்கள் மங்கல காரியங்களில் வெற்றிலைத் தட்டம் முன்னால் இருப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. தட்டத்தில் இருப்பது மரபு. நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது நஞ்சு. இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. 1953 இல் சுலோற்றர் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் 783 வாய்ப் புற்றுநோயாளரை ஆராய்ந்து, கட்டியைச் சுற்றி நல்லதாகத் தோன்றும் பகுதியும் மாறியிருப்பதைக் கண்டனர். ஒரு பயிர் மட்டுமல்ல, வயலே கெட்டிருக்கிறது. அதனால்தான் கட்டியை வெட்டி எடுத்த பின்பும் வெற்றிலை பாக்கைத் தொடர்ந்தால் அடுத்த கட்டி வேறிடத்தில் முளைக்கிறது.

வெளிநாடுகளில் வாழும் எங்கள் சகோதரிகளுக்கு வேறொரு செய்தி. மேற்கு நாடுகளில் தொண்டைச் சதை, அடிநாக்குப் பகுதிகளில் வரும் புற்றுநோய்களில் பெரும் பங்குக்கு மனித பப்பிலோமா வைரஸ் காரணமாகிறது. இந்த வைரஸ் காவலரின் அலகுகளைக் கெடுப்பதில்லை. தன் ஈ6 புரதத்தால் பி53 ஐ அழிக்கிறது. ஈ7 புரதத்தால் பி16 இன் கட்டளையை நிறைவேற்றும் ஆர்பி என்ற புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. கட்டளை நிறைவேறாததால் கலம் பி16 ஐ மேலும் மேலும் உருவாக்குகிறது. அதனால், நுணுக்குக்காட்டியில் பி16 நிறைந்து தெரிந்தால் அது வைரஸின் அடையாளம். இவ்வகை நோயாளர் பொதுவாகச் சிகிச்சைக்கு நன்றாக இணங்குகின்றனர். இதற்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 மாணவியருக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காக வழங்கப்படுகிறது. இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் தங்கைமாரே, அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள்.

மூடிய அலகைத் திரும்பத் திறக்க முடியாதா என்று கேட்பீர்கள். எழுத்து அழிந்தால் மீட்பது கடினம். ஒட்டியதை அகற்றுவது கொள்கையளவில் முடியும். மெதயிலைக் குறைக்கும் அசாசைற்றிடின், டெசிற்றபின் ஆகிய மருந்துகள் சில இரத்த நோய்களில் பயன்படுகின்றன. வாய்ப் புற்றுநோயில் அவை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. அந்த நாள் வரும்வரை எங்கள் கையில் இருப்பது ஒரு மின்சூள், ஒரு கண்ணாடி, இரண்டு கண்கள்.

இது சிறிய விடயமல்ல. எங்கள் நாட்டில் நடந்து 1984 இல் வெளியான ஓர் ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற 34 ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்கள் 28,000 இற்கும் அதிகமானோரின் வாயைப் பார்த்துச் சந்தேகமானவற்றைச் சரியாக இனங்கண்டனர். ஆனால் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே போனார்கள். பின்னர் கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வொன்று, இப்படி வீடு வீடாகப் பார்ப்பதால் புகையிலை, மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005 இல் அறிவித்தது. முன்னொரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை கப்பலேறிப் போனதும் அதே திருவிதாங்கூர்ப் பக்கந்தான்.

ஆகவே இங்கிருந்து வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவை, அப்பாவை, மாமாவை வெளிச்சத்தில் இருத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இரு கன்னங்களின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, அதைவிட முக்கியமாகச் சிவந்த திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, மூன்று வாரமாகத் தொடரும் குரல் கம்மல், தன் மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்க முடியாத வாய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடமோ குடும்ப வைத்தியரிடமோ போக வேண்டும். நோவில்லை என்று இருந்துவிடாதீர்கள், தொடக்கத்தில் நோவிருப்பதில்லை. தனியே போகச் சொல்லாமல் கூடவே போங்கள். அந்த மற்றப் பாதிப் பேருக்குத் தேவைப்பட்டது அந்தத் துணையாகவும் இருக்கலாம்.

ஆச்சியின் வாயை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்திருக்கவும் இல்லை. எங்களுக்கு உயிரியல் படிப்பித்த இந்தப் பாடசாலைக்கு, அதன் நூறாவது வயதில், அதைத் தெரிந்துகொண்டவர்களாகத் திரும்பி வந்திருக்கிறோம். இந்த மலரை வாசிக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரத்திலேயே ஒரு முதியவரின் வாயைப் பார்த்தால், ஆச்சிக்கு நாங்கள் பட்ட கடனில் கொஞ்சமாவது தீரும்.